பூசணிக்காய்க்குக் கட்டிய கயிறு

உ
சுடலைமாடன் துணை

தாராவி,
17-5-64

அன்புள்ள மகன் வானமாமலைக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அய்யாவும் உன் தங்கச்சியும் உயிரோடும் முழுக் கை காலோடும் இருக்கிறோம், பிலாயில் நீயும் அவ்விதமே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்க்க ஆசை. சுகம் என்று ஒரு சொல்லில் முடிக்கிறவள் இந்தத் தடவை கை காலை எல்லாம் எண்ணிச் சொல்கிறாளே என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, சொல்கிறேன், பயப்படாதே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது. உன் சித்திரை மாதக் கடிதம் கிடைத்தது. உங்கள் இரும்பாலையில் வெயில் காலத்துக்கு உப்பு மாத்திரை கொடுக்கிறார்கள், மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள், உயரத்தில் ஏறுகிறவனுக்கு இடுப்பில் பெல்ட்டும் கயிறும் உண்டு, அய்யாவும் அப்படியே செய்யவேண்டும் என்று எழுதியிருந்தாய். வேர்வையில் பெல்ட் அரிக்கிறது என்று சில பேர் கொக்கியை மாட்டாமலே நிற்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய், அந்தச் சில பேரில் நீ உண்டா இல்லையா என்பதை மட்டும் எழுதவில்லை. வழக்கம் போல நான்தான் அய்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து விசிறிக்கொண்டே இருந்தார், கேட்டாரா தூங்கினாரா என்று தெரியவில்லை. முடித்ததும், பையன் கலியாணத்தைப் பற்றி ஒன்றும் எழுதலையா என்றார், அவ்வளவுதான். கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கச் சொன்னார். நம் வீட்டில் ஒன்றைக் கும்பிட ஆரம்பித்துவிட்டால் அதன்படி நடக்கத் தேவையில்லை என்பது உனக்குத் தெரியுமே.

உன் தங்கச்சிக்கு வேர்க்குரு, மற்றபடி சுகம். குழாயடியில் கூட்டம் போன வருசத்தைவிட அதிகம், தண்ணீர் போன வருசத்தைவிடக் குறைவு. எங்களுக்கு இப்போது செம்பூரில் வேலை, சயானில் ரயில் ஏறிக் குர்லாவில் மாறிப் போகிறோம். நாலு மாடிக் கட்டடம், உன் அய்யா வெளிப்பூச்சு பூசுகிறார், நான் சாந்து சுமக்கிறேன். முக்காதம் நம் நெல்லையப்பன் அண்ணாச்சிதான், ஆள் பிடித்துக் கொடுப்பதும் மேற்பார்வையும் அவர் பொறுப்பு. காண்டிராக்டர் ஒரு சேட்டு, பெரிய தர்மவான், எறும்புக்குச் சர்க்கரை போட்டுவிட்டுத்தான் காலையில் டீ குடிப்பாராம். நாலு இரும்புத் தொப்பி வாங்கி வைத்திருக்கிறார், சிமிட்டிக் கொட்டடியில் பூட்டி இருக்கின்றன, சர்க்கார் ஆபீசர் பார்க்க வருகிற அன்றைக்குக் கலியாண வீட்டுப் பாத்திரம் போலத் துலக்கி வெளியே வரும், அவர் கார் தெரு முனை திரும்பியதும் உள்ளே போய்விடும். இதே கட்டடத்தில் போன வருசம் இதே வெயிலில் மேலப்பாளையத்து ஜெயினுலாப்தீன் தம்பி இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தானே, இடுப்பு எலும்பு கூடியது கோணலாய்க் கூடி, இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி தோல்பை தைக்கிறான். ஆனைக்கும் அடி சறுக்கும் தம்பி என்று அண்ணாச்சி அவனுக்கு ஆறுதல் சொன்னார். ஆனை மூங்கில் மேல் நின்று பூச்சு வேலை பார்ப்பதில்லை என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவன் விழுந்தது எதனால் என்று சேட்டும் அவரும் கலந்து பேசி, கட்டடத்துக்குக் கண் பட்டுவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அதற்காக ஒரு பெரிய பூசணிக்காய் வாங்கி மீசையும் பல்லும் வரைந்து மூன்றாம் மாடியிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். அழுக அழுக வேறு காய் மாற்றுவார்கள். அதைக் கட்டியிருக்கிற கயிறு மாஹிம் கடையில் வாங்கின புதுக் கயிறு, என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும், இரண்டு பேர் பிடித்துத் தொங்கினாலும் தாங்கும். ஏன் இவ்வளவு பெரிய கயிறு என்று நான் கேட்டதற்கு, பூசணிக்காய் விழுந்தால் அபசகுனம் இல்லையா என்றார் அண்ணாச்சி. பூசணிக்காய் விழுந்தால் அபசகுனம், ஆள் விழுந்தால் தலையெழுத்து, எது எது எதில் சேரும் என்று இந்த வயதில்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது.

இதற்கிடையில் நம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டினார்கள். சாமியாடி வேறு யார், உன் அய்யாதான், கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் ஒரு நேரச் சாப்பாடு என்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம், ஆனால் உன் அய்யாவுக்கு எல்லோருக்கும் உள்ள வழக்கம் போதுமா. வேலை இடத்துப் பீப்பாயில் பத்து ஜாதியும் கை விடுகிறது, தீட்டு, அதனால் காலையில் வீட்டில் குளித்துக் குடித்த தண்ணீரோடு சரி, சாயந்திரம் திரும்பி வந்து குளிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று சொல்லிவிட்டார். பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றேன், ரயிலில் நாலு பேர் மேலே இடித்துக்கொண்டு வந்த தண்ணீரும் தீட்டுத்தானாம். இடித்துக்கொண்டு வந்த மனுசன் தீட்டில்லையா என்று கேட்டேன். இந்த வெயில் எப்படி என்றால் மேற்குச் சுவரில் மத்தியானத்துக்கு மேல் கை வைக்க முடியாது. ஆனால் ஒன்று, சுவருக்கு ஒரு குறையும் இல்லை. பூசின பூச்சு காய்ந்து வெடித்துவிடும் என்று காலை, மத்தியானம், சாயந்திரம் வேளை தவறாமல் சுவருக்குத் தண்ணீர் காட்டுவோம், ஒரு வேளை தவறினால் அண்ணாச்சி குதிப்பார். மனுசன் காய்ந்தால் வெடிக்க மாட்டான் என்ற நம்பிக்கை அவருக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். உன் அய்யா மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தார், இன்னொரு கொத்தனார் அதே பலகையில் அந்தப் பக்கம். நான் சாந்துச் சட்டியோடு கட்டடத்துக்கு உள்பக்கம் படி ஏறி ஜன்னலுக்கு விட்டிருந்த ஓட்டை வரைக்கும் வந்துவிட்டேன். கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. பார்த்தால் உன் அய்யா முன்னும் பின்னும் ஆடுகிறார். உடனே பக்கத்துக் கொத்தனாருக்கு மணிக்கட்டில் இருந்த காப்பு கண்ணில் பட்டுவிட்டது. சாமி வந்துவிட்டது என்று ஒரு சத்தம் போட்டான் பார், கீழே இருந்த பெண்டுகள் எல்லாம் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி ஆடுவதற்கு இடம் வேண்டுமே என்று மரியாதையாக ஒதுங்கி நின்றான். ஒரு முழம் அகலப் பலகை, மூன்று மாடி உயரம், அதில் சாமிக்கு இடம் விடுகிறான். அண்ணாச்சி கீழே நின்று கைகூப்பி, சாமி, மேற்குப் பக்கப் பூச்சு மழைக்கு முன்னால் முடியுமா என்று குறி கேட்கிறார். கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளக்கிற சாமி, காண்டிராக்டருக்குத் தேதி சொல்ல வெயிலில் இறங்கி வந்திருக்கிறதாம். எனக்கு மட்டும் அது சாமி என்று தோன்றவில்லை. சாமி வந்தால் உன் அய்யாவுக்குக் குளித்து எழுந்த மாதிரி வேர்வை கொட்டும், கால் தரையை உடைக்கும், குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்கும். கலியாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறவள் நான். இங்கே உடம்பில் பொட்டு வேர்வை இல்லை, முகத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது, கால் மடிகிறது, சத்தமே இல்லை.

"சாமியில்ல, மயக்கம், இடுப்பப் பிடிங்கய்யா" என்று கத்தினேன். ஒருத்தனும் பிடிக்கவில்லை. குளிக்காத கையால் சாமியைத் தொடலாமா. சட்டியைப் போட்டுவிட்டு ஓட்டை வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி அவர் வேட்டி முடிச்சைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம், உள்பக்கம் விழுந்தோம், அதனால்தான் இந்தக் கடிதம் எழுத நான் இருக்கிறேன், வாசித்துக் காட்டினால் கேட்காத மாதிரி படுத்துக்கொள்ள அவர் இருக்கிறார். சுவரை நனைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை அவர் தலையில் கொட்டினேன், மிச்சத்தை வாயில் ஊற்றினேன். உடம்பு அடுப்புக் கல் போல இருந்தது. கண் திறக்கும் வரைக்கும் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்பதை எழுத முடியாது. கண் திறந்தார். திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, தீட்டுத் தண்ணீரை ஏன் கொடுத்தாய் என்பது.

இனிமேல்தான் கூத்து. இறங்கின சாமியை ஒரு பொம்பளை தொட்டுக் கெடுத்துவிட்டாள் என்று அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் தாராவி பூராவும் பேச்சு. கோயிலில் எனக்குத் தேங்காயும் எலுமிச்சம்பழமும் அபராதம் போட்டார்கள், கட்டினேன், உன் அய்யா உயிருக்கு அது மலிவுதான். சேட்டுக்கு விசயம் போய், என் பில்டிங்கிலே பகவான் இறங்கினார் என்று அவருக்கு ஒரே சந்தோசம், இனி ஒரு குறையும் வராது என்று பூசணிக்காய்க்கு மாலை போட்டார். உன் அய்யாவிடம் கெஞ்சினேன், கோபித்தேன், அன்றைக்குச் சோறும் பொங்காமல் கிடந்தேன். அவர் சொன்ன பதில் இதுதான்: "கொத்தனுக்கு எங்கட்டி மயக்கம் வரும்? எனக்கு வந்தது சாமி." மயக்கம் என்றால் கொத்தனாருக்குக் கேவலம், சாமி என்றால் கௌரவம், மனுசன் எதைத் தேர்ந்தெடுப்பான் நீயே சொல். உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன், அவன் இரும்புக்கு நடுவில் இருக்கிறான், அவனுக்குச் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்றார். அதோடு நின்றாலும் பரவாயில்லை, நான் தொட்ட தோசத்துக்குப் பரிகாரமாக இந்த விரதத்தை ஆடி மாதம் வரைக்கும் நீட்டப் போவதாகக் கோயிலில் நேர்ந்துவிட்டு வந்துவிட்டார். காப்பாற்றினதற்கு எனக்குக் கிடைத்த பலன், இன்னும் இரண்டு மாதம் அவர் தண்ணீர் குடிக்காமல் மூங்கிலில் ஏறுவார் என்பது. புதன்கிழமை ஏறினார், வியாழக்கிழமை ஏறினார். நான் சட்டியைப் பார்க்காமல் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு சாந்து சுமந்தேன், இரண்டு தடவை படி தவறி நானே விழப் பார்த்தேன். அப்போதுதான் யோசித்தேன், புருசன் பெண்டாட்டி சொல்லைக் கேட்க மாட்டார், மகன் சொல்லைக் கேட்க மாட்டார், அவர் கேட்கிற ஆள் ஒரே ஆள்தான், அந்த ஆளிடமே பிராது கொடுத்துவிடலாம் என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானக் கொடை. சேட்டைப் பெரிய மனுசராகக் கூப்பிட்டிருந்தார்கள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நம் சந்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது, உன் அய்யாவுக்குச் சாமி வந்தது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை, வேர்வை என்ன, குரல் என்ன, மயிர்க்கூச்செடுத்து நானும் கும்பிட்டேன். ஒருத்தர் மகளுக்கு வரன் கேட்டார், ஒருத்தர் காணாமல் போன ஆட்டைக் கேட்டார், எல்லாருக்கும் சாமி சொல்லியது. நான் ஈரச் சேலையோடு முன்னால் போய் நின்றேன். புருசன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள், அதனால் இத்தனை வருசத்தில் என் வாயால் உன் அய்யா பேரைச் சொன்னது கிடையாது. சொல்லாமல் இருந்து மூன்றாம் மாடியிலிருந்து குறைவதைவிடச் சொல்லிக் குறைந்தால் கொஞ்சம்தான் குறையும் என்று துணிந்துவிட்டேன். "சாமி, பூலோகம்னு ஒரு கொத்தனாரு. ஒமக்கு வெரதம்னு தண்ணி குடிக்காம சாரத்துல ஏறுதாரு. அவரு விழுந்து செத்துட்டாருன்னா ஒமக்கு ஆடுததுக்கு ஆளு ஏது?" என்று கேட்டேன். மேளம் நின்றுவிட்டது. அண்ணாச்சி என்னை முறைத்தார். வாசலில் கட்டிலில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஜெயினுலாப்தீன் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான். சாமி என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தது. பிறகு சொன்னது: "வெரதம் வயித்துக்குத்தாம்லே, தொண்டைக்கு இல்ல. தண்ணி குடிக்காம எவனும் மூங்கில்ல ஏறப்பிடாது. கயிறு கட்டாம ஏறப்பிடாது. உப்பு மாத்திரையும் போட்டுக்கிடணும்."

சேட்டு எழுந்து, க்யா போலா, க்யா போலா, சாமி என்ன சொன்னது என்று பறந்தார். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். சாமிக்கு இந்தி தெரியாது, சேட்டுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இரண்டும் அரைகுறை. "பகவான் போல்தா ஹை, ஹர் ஆத்மிகூ ரஸ்ஸி மாங்தா" என்று ஆரம்பித்து, ஆளுக்கொரு கயிறு, இரண்டு பீப்பாய் நல்ல தண்ணீர், நிழலுக்குத் தார்ப்பாய், உச்சி வெயிலில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் ஓய்வு, தொப்பியைக் கொட்டடியிலிருந்து வெளியே எடுப்பது, ஜெயினுலாப்தீனுக்கு உட்கார்ந்து பார்க்கிற ஸ்டோர் வேலை எல்லாவற்றையும் பகவான் கணக்கில் எழுதிவிட்டேன். சாமி என் பக்கம் திரும்பிப் பார்த்தது போல இருந்தது, ஆனால் மறுக்கவில்லை. சேட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை போய்ப் பார்த்தால், கயிறு வந்திருந்தது. எங்கிருந்து என்றால் பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு அதன் கயிற்றையே துண்டு போட்டிருக்கிறார்கள், போதாததற்குக் கொஞ்சம் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். பீப்பாய் இரண்டு கேட்டதற்கு ஒன்று வந்தது. மூன்று மணி நேர ஓய்வு ஒரு மணி நேரமாயிற்று. தொப்பி வெளியே வந்தது, அண்ணாச்சி தலையில் ஒன்று இருக்கிறது, அவர் கீழே நிற்கிறவர். ஜெயினுலாப்தீனுக்கு வேலை, பார்க்கலாம் என்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள், பகவானே கேட்டு இவ்வளவுதான் கிடைக்கிறது என்றால் சித்தாள் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்.

உன் அய்யாவுக்குச் சாமி மலையேறினதும் ஒன்றும் ஞாபகம் இராது என்பது உனக்குத் தெரியும். என்ன சொல்லியது என்று கேட்டார், சொன்னேன். பேரைச் சொன்னியாமே என்று அதற்கு மட்டும் கோபித்தார், மற்றதற்கு, சாமி உத்தரவு, அதற்கு மேல் நாம் யார் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார். பீப்பாயில் தண்ணீரும் குடித்தார், தீட்டை எங்கே கழற்றி வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுடலைமாடனுக்கு ஆடு தெரியும், கோழி தெரியும், சாராயம் தெரியும், சுருட்டு தெரியும். உப்பு மாத்திரை எப்படித் தெரியும். தாராவியில் ஒரு கடையிலும் அது கிடையாது, கேட்டால் சிரிக்கிறார்கள். அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் வந்தது ஒரே ஒரு தடவை, உன் சித்திரைக் கடிதத்தில், நான் வாசிக்க வாசிக்க உன் அய்யா சுவரைப் பார்த்து விசிறிக்கொண்டு படுத்திருந்தபோது. நான் இதை அவரிடம் கேட்கப் போவதில்லை, நீயும் கேட்காதே, பதில் கடிதத்தையும் அவருக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். ஆனால் அய்யா நம் பேச்சைக் காதில் போடவில்லை என்று எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. தண்ணீரைப் பற்றி எழுது, கயிற்றைப் பற்றி எழுது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுது. அவர் கேட்காவிட்டாலும் சாமி கேட்டுக்கொள்ளும்.

உப்பு மாத்திரை கிடைத்தால் கொஞ்சம் அனுப்பு, கோயிலுக்கு என்று எழுதி அனுப்பு, அப்போதுதான் சாப்பிடுவார். காப்புக் கட்டின கையால் உனக்கு விபூதி எடுத்து வைத்திருக்கிறார், இதற்குள் மடித்திருக்கிறேன், பூசிக்கொள். நீ நூறு வயது நிறைந்த உடம்போடு இருக்க சுடலைமாடன் காவல் நிற்கட்டும். பெல்ட் அரித்தால் அரிக்கட்டும் மகனே, கொக்கியை மாட்டிக்கொள். உன்னை உள்பக்கம் இழுத்துப் போட அங்கே நான் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
செண்பகவல்லி